வெயில் படாத கண்ணாடி

கலங்கரை விளக்கின் ஆள் உயர லென்ஸின் மேல் ஆவி படிந்திருந்தது. காலையில்தான் அவள் கணவர், அந்தத் துறைமுகத்தின் விளக்குக்காரர், அதைத் துடைத்துவிட்டு இறங்கியிருந்தார். வெயில் படாமல் லென்ஸைச் சுற்றித் தொங்கிய திரையின் இடுக்கில் கைவிட்டு அவள் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. ஆவி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கல் கோபுரத்தின் சரித்திரத்தை அவர் சொல்வார். கோபுரத்தில் முதன்முதலாக விளக்கேற்றியவனின் மனைவி, ஒரு மத்தியானம் இந்தத் திரையை விலக்கினாளாம். அவன் வந்து பார்த்தபோது செருப்பு மட்டும் கிடந்ததாம். "ரொம்ப அழகா இருப்பாளாம், பாவம்" என்னும்போது அவர் குரல் குழையும். கட்டிக்கொண்டவளிடம் அந்தக் குரல் 'உப்பு பத்தல', 'சட்டை எங்கே' என்பதைத் தாண்டியதில்லை. செத்து மண்ணாய்ப் போனவள் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவளுக்கே தெரியும். இருந்தும் வயிறு எரிந்தது.

நேற்று கேட்டும்விட்டாள்.

"மேல யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க?"

"விளக்குகிட்ட. உனக்கென்ன வந்துச்சு இப்ப?"

பித்தளை மெருகின் புளித்த வாடையும் பழைய மண்ணெண்ணெய் நெடியும் எப்போதும் தேங்கிக் கிடக்கும் அந்த வட்ட அறையில், இன்று அவற்றுக்கு நடுவே அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை, கண்ணாடியிலிருந்தே கசிவதுபோல் மெல்ல வந்தது. குனிந்து பார்த்தாள். ஆவிக்கு நேரே, கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு பிசுக்கு. அவர் கன்னம் பதிந்த தடம்.

பகலில் திரையை விலக்கக் கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து எதையாவது பற்றவைத்துவிடும். எரிந்து தொலையட்டும் என்று முழுத்திரையையும் இழுத்தாள்.

வெயில் பாய்ந்தது. லென்ஸுக்குள் ஒரு பெண் தலைகீழாக நின்றாள். லென்ஸில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும், தன் உருவம்தான் என்று நினைத்தாள்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை.

அந்த உருவம் சிரித்தது.

கண்ணாடிக்குள்ளிருந்து கை நீண்டது. சூடு. பிறகு குளிர். அறை புரண்டது.

இப்போது கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்க எல்லாம் தலைகீழாக இருந்தது. தரையில் கிடந்த அவளுடைய செருப்புக்குள் இன்னொருத்தியின் பாதம் நுழைந்தது.

படியில் பேச்சுச் சத்தம். பார்க்க வந்தவர்களோடு அவர் ஏறி வந்தார். செருப்பைப் பார்த்தார். அதை மாட்டியிருந்தவளைப் பார்த்தார். பிறகு லென்ஸ் பக்கம் திரும்பினார். உள்ளே இவள் அலறினாள், அறைந்தாள். கண்ணாடியில் ஆவி மட்டும் படிந்தது.

அவர் மெல்லிய துணியை எடுத்து, இத்தனை வருஷத்தில் இவளை ஒருநாளும் தொடாத இதத்தோடு, கண்ணாடிக்குள் தெரிந்த இவள் முகத்தின் மேல் துடைத்தார்.

"ரொம்ப அழகா இருப்பாளாம், பாவம்."

வந்தவர்களிடம் அதே குரல். திரையை இழுத்து மூடினார்.