அவரைக்காயில் உப்பு

"இன்னாடி இது? உப்பை வாரிக் கொட்டி வெச்சிருக்கே!"

காமாட்சியம்மாள் தள்ளிய வேகத்தில் தட்டு சுவரில் மோதியது. அவரைக்காய்ப் பொரியல் கூடமெங்கும் சிதறியது.

மூத்த மருமகள் பெரியநாயகி பதறிப்போய்க் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

"கை தவறிடுச்சு அத்தை..."

"தெனமும் தவறுமா? நேத்து உப்பே இல்ல, இன்னிக்கு வாயில வைக்க முடியல! சின்னவ வாலாஜாபாத்துக்கு வேலைக்குப் போய் நாலு பேர் நடுவுல டப்பாவைத் தொறக்கறா. அவ மானம் போவணும்... அதானே உன் எண்ணம்? பொறாமைடி உனக்கு!"

கைப்பையோடு வாசலில் நின்ற ஓரகத்தி காயத்ரி தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்கத்தை. நான் கேன்டீன்ல பாத்துக்கறேன்."

மாமியார் கத்தியதைவிட அந்த மெல்லிய குரல்தான் பெரியநாயகியைச் சுட்டது.

உள்ளறையில் தறிச் சத்தம் நின்றது. அவள் கணவன் குமரகுரு எழுந்து வந்தான். தனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியலன்னா சொல்லிடு நாயகி. சமையலுக்கு ஆள் வெச்சிக்கலாம். நீ சும்மா உக்காரு."

சும்மா உக்காரு! வயிற்றில் ஒரு பிள்ளை தங்காத அவளுக்கு, இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த அடுப்படி ஒன்றுதானே இருந்தது?

"வேணாங்க... பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. நான் மறுபடியும் பண்ணிடறேன்!"

அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நார் உரித்து, பொடியாக நறுக்கினாள். ஒரு காலத்தில், வேகும் காயின் ஆவியை மோந்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுவாள். இப்போதோ ஆவி வெறும் சூடு. காய் வெறும் சக்கை. கடுகு வெடிப்பது காதுக்குக் கேட்கும், மிளகாய் சிவப்பது கண்ணுக்குத் தெரியும். உப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொரோனா வந்து காயத்ரி படுத்தபோது, கட்டிய புருஷன்கூட அறை வாசலைத் தாண்டவில்லை. பெரியநாயகிதான் உள்ளே போய்க் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்தாள். பிறகு அவளும் படுத்தாள். காயத்ரிக்குப் போன ருசி கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. பெரியநாயகிக்குத் திரும்பவே இல்லை. வெளியில் சொன்னால் அடுப்படி போய்விடும். காயத்ரியும் தன்னால்தானே என்று வெந்துபோவாள். சொல்லாமல் இருந்தாலோ தினமும் இந்த ஏச்சு... எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லைட்டரை எடுத்தாள்.

"அக்கா! பத்த வைக்காதீங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த காயத்ரி லைட்டரைப் பிடுங்கினாள். அழுகையில் பெரியநாயகி கவனிக்காமல் விட்ட பால் பக்கத்து அடுப்பில் பொங்கி வழிந்து, தீ அணைந்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. காயத்ரி குமிழைத் திருகி மூடினாள், சன்னலைத் திறந்தாள், ஓரகத்தியைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்து வந்தாள்.

"கூடம் வரைக்கும் நாத்தம் வருது... பக்கத்துலயே நின்னுக்கினு பத்த வைக்கப் போறீங்களே! உங்களுக்குத் தெரியலையா?"

பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காயத்ரியின் முகம் மெல்ல மாறியது.

"அக்கா... உங்களுக்கு வாசனையே தெரியலையா?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ எனக்கும் வந்துச்சே... அதுலேருந்துதான்மா. ருசியும் இல்ல."

"ஐயோ!" காயத்ரி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பாத்துக்கினதாலதானே... நீங்க கட்டிக் குடுத்த சாப்பாட்டை நான் குப்பையில கொட்டினேனே அக்கா!"

சத்தம் கேட்டு வந்த காமாட்சியம்மாள் பின்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏன்டி... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அடுப்பையும் புடுங்கிக்குவீங்களோன்னு பயம் அத்தை. அதையும் வுட்டா இந்த வீட்ல எனக்கு இன்னா இருக்குது?"

அம்மாவின் பின்னாலேயே வந்த குமரகுரு துவைக்கும் கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "நான் கேட்டிருக்கணும் நாயகி... நானாவது கேட்டிருக்கணும்..."

காமாட்சியம்மாள் தடுமாறி வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "வாய் கூசாம பொறாமைன்னு சொல்லிட்டேனே... நீ சமைச்சாலும் சமைக்காட்டியும் இது உன் வீடுடி, தாயீ!"

அத்தனை மாதமாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வெடித்தது. அழுது முடித்தபின் பெரியநாயகி மெதுவாகச் சொன்னாள்: "பசிக்குது."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

காயத்ரி அன்று வேலைக்குப் போகவில்லை. நறுக்கி வைத்திருந்த அவரைக்காயைத் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி இறக்கினாள். சோறு பிசைந்து எடுத்து வந்து, ஓரகத்தியை உட்காரவைத்து முதல் கவளத்தை ஊட்டினாள்.

"உப்பு சரியா இருக்குதா அக்கா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

பெரியநாயகி நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சரியாத்தான் இருக்குதுமா" என்றாள். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.