ஈறு நிறப் பகடை

சாசர் காலி.

அண்ணி அதைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், பக்கத்து நாற்காலியின் குஷனைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றியிருந்த மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார்.

“அவரோட பகடையைக் காணோம்.”

மாலை ஆறரை. பல்செட் செய்யும் பட்டறையின் மாடி அறை. வாரத்தில் ஆறு நாள் அந்த நீள மேஜையில் பொய்ப்பற்கள் வரிசை கட்டி நிற்கும். ஏழாம் நாள் அவை அலமாரிக்குப் போய்விட, கட்டம் போட்ட வரைபடமும் விரலளவு பொம்மைகளும் மேஜை ஏறிவிடும். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம், ஒரு குகை, அதற்குள் ஒரு டிராகன், விழுகிற அடி பலிக்குமா என்று சொல்லப் பகடைகள். வளர்ந்தவர்கள் விளையாடும் விளையாட்டா இது என்று கேட்பவர்களை அந்த மாடிப்படி ஏற விடுவதில்லை.

கதையை நடத்துபவர் பட்டறைக்காரர். எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. காணாமல் போன இருபது முகப் பகடை அவருடைய சொந்த அண்ணனுடையது, எல்லாரும் ‘பெரியண்ணன்’ என்று கூப்பிடுபவர். பல்செட்டின் அடிப்பாகத்துக்கு ஊற்றும் பொருளிலேயே தம்பி வார்த்துக் கொடுத்ததால் அது அசல் ஈறு நிறத்தில் இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பெரியண்ணனுக்கோ அது உயிர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்தக் கதையிலும் எல்லாருக்கும் முன்னால் போய் அடி வாங்கும் கேடயக்காரன்தான் அவருடைய ஆள்.

ஆனால் பெரியண்ணன் இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். மூன்று வாரமாக அவர் நாற்காலி காலியாகக் கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பகடையை அவருக்காக உருட்டி வந்தவர் அவர் மனைவி. தம்பிக்கு அண்ணி என்பதால் எல்லாருக்குமே அண்ணி.

மூன்றாவது ஆள் டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுபவர். நான்காவது எஸ்.ஐ. பகலெல்லாம் திருடர்களைப் பிடிக்கிற பெண் துணை ஆய்வாளர், இந்த மேஜைக்கு வந்தால் திருடி. பூட்டு உடைப்பதில் அவளுடைய பாத்திரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்றைக்கு நிம்மதியாகத் திருடலாம் என்று வந்தவளுக்கு அசல் திருட்டே வந்து வாய்த்தது.

“யாரும் எழுந்திருக்காதீங்க” என்றாள் எஸ்.ஐ.

யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இந்த மாடியில் விளையாட்டுச் சண்டைக்கென்று தனிச் சட்டம் உண்டு, எல்லாம் மாஸ்டர் போட்டது. யார் முதலில் அடிப்பது என்பதற்குப் பகடை கிடையாது. ஆளுக்கொரு சீட்டு, டிராகனுக்கும் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சீட்டு வந்தவர் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்திருக்க வேண்டும். போனை நோண்டுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. இப்போது வேண்டாம், பொறுத்து அடிக்கிறேன் என்பவர் தன் சீட்டைக் கவிழ்த்து வைக்கலாம். கடைசிச் சீட்டு எடுப்பதற்குள் நிமிர்த்தாவிட்டால் முறை போச்சு. அவரவர் பகடையைத்தான் அவரவருக்கு உருட்ட வேண்டும், இரவல் கிடையாது.

எல்லாவற்றிலும் கொடுமையான சட்டம் ஒன்று உண்டு. அடிபட்டு விழுந்தவருக்கு அடுத்த சுற்றில் ஒரே ஒரு உருட்டு. பத்துக்குக் குறைந்தால் செத்தது செத்ததுதான், அந்த ஆளின் பெயரும் பலமும் எழுதி வைத்த காகிதம் கிழிபடும். போன சுற்றில் டிராகன் அடித்ததில் விழுந்தவன் கேடயக்காரன். இந்தச் சுற்றின் கடைசிச் சீட்டு அவனுடையது. அண்ணி கையை நீட்டினார், பகடை இல்லை.

“கடைசியா எப்ப பார்த்தீங்க, அண்ணி?”

“டிரைவர் தம்பி முறைக்கு எழுந்தாரே, அப்ப இருந்துச்சு. நல்லாப் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்கு எதுவும் ஓடல. நம்ம சீட்டு எப்ப வருமோன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

எஸ்.ஐ. டிரைவரைப் பார்த்தாள். சாசர் இருந்தது பெரியண்ணனின் காலி நாற்காலிக்கு முன்னால். அதற்கு ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் டிரைவர். கை நீட்டினால் எட்டும் தூரம்.

“என்னைப் பார்க்காதீங்க மேடம். நான் எழுந்தேன், கோடாலியை வீசினேன், தவறிடுச்சு, உக்காந்துட்டேன். அவ்வளவுதான்.”

“போன மாசம் உங்க மந்திரவாதி செத்தப்ப, இந்தச் சட்டமே வேண்டாம்னு சண்டை போட்டீங்க.”

“போட்டேன். ரெண்டு வருஷமா வளர்த்த ஆளு. ஒரு தடவை, ஒரே தடவை விடுங்கன்னு மாஸ்டர்கிட்ட கெஞ்சினேன். கண் முன்னாடியே கிழிச்சாரு. அதுக்காக, அடுத்தவங்க பகடையை எடுப்பேனா?”

“அவர் மேல இருக்கிற பிரியத்துல எடுத்திருப்பீங்க தம்பி” என்றார் அண்ணி. “எனக்குப் புரியுது. ஆனா குடுத்துடுங்க. எட்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். உள்ளதை உள்ளபடி சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். இன்னைக்குப் போய் அவர்கிட்ட கதை கட்ட என்னால முடியாது.”

டிரைவரின் முகம் சிறுத்துவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான். அண்ணி வாயிலிருந்தே இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவர் நினைக்கவில்லை. சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார். சாவி, சீப்பு, கசங்கிய கைக்குட்டை.

“இருக்கா? இல்லல்ல? இனிமே இந்தப் பக்கம் வந்தா என்னை ஏன்னு கேளுங்க.”

“உக்காருங்கண்ணே” என்றாள் எஸ்.ஐ. “அண்ணி ஏதோ பதற்றத்துல சொல்றாங்க. நான் இன்னும் எதுவும் சொல்லலையே?”

மாஸ்டர் எழுந்தார். நெற்றி வியர்த்திருந்தது. “யாரையும் சந்தேகப்பட வேண்டாம். எங்கேயாவது உருண்டிருக்கும். இன்னையோட நிறுத்திக்குவோம், அடுத்த வாரம் தேடிக்கலாம். பகடை இல்லாம உருட்ட முடியாது, சட்டம் சட்டம்தான்.”

“தேடிட்டு நிறுத்தலாம், மாஸ்டர்.”

தேடினார்கள். தரையில் டார்ச் அடித்தார்கள். வரைபடத்தைத் தூக்கினார்கள், தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்தார்கள், மாஸ்டர் தன் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தியிருக்கும் மடக்கு அட்டைக்குப் பின்னாலும் பார்த்தார்கள். எஸ்.ஐ. தன் கைப்பையையே மேஜையில் கொட்டிக் காட்டினாள். சாசரை ஒட்டி, பாறையாக வைத்திருந்த பிளாஸ்டர் தாடை அச்சின்மேல் டிராகன் உட்கார்ந்திருந்தது. டிரைவர் அதன் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“அதைத் தொடாதீங்க! இன்னைக்குத்தான் றெக்கை ஒட்டினேன், பசை காயல” என்றார் மாஸ்டர்.

டிரைவர் கையை இழுத்துக்கொண்டார். பகடை எங்கேயும் இல்லை.

எஸ்.ஐ. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. நான்கு பேர்தான். வெளியே யாரும் போகவில்லை. மற்ற நேரமென்றால் எட்டுக் கைகள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும், இந்த மாடிச் சட்டம் அவளுடைய பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. எழுந்து நின்றவர்களின் கை மட்டும்தான் மேஜையை விட்டு எழுந்திருக்கிறது.

“எடுத்த சீட்டெல்லாம் அப்படியே இருக்கா?”

இருந்தன. முதலில் டிரைவருடைய கோடாலிக்காரன். அடுத்தது டிராகன். மூன்றாவது அவளுடைய திருடி. கடைசியில் கேடயக்காரன். டிராகனின் சீட்டு மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

“அண்ணே, உங்க முறை முடிஞ்சதும் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்ன நடந்துச்சு... டிராகன் சீட்டு வந்துச்சு. செத்தோம்னு நினைச்சேன். என் ஆளு அது பக்கத்துலதான் நிக்கிறான், உயிர் ஊசலாடிக்கிட்டு இருக்கு, ஒரு தட்டு போதும். மாஸ்டர் எழுந்து இந்தப் பக்கம் வந்தாரு. டிராகனை றெக்கையைப் பிடிச்சுத் தூக்கி, நம்ம தலைக்கு மேல ஒரு சுத்து விட்டாரு, உஸ்ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டு. ‘டிராகன் பறந்து போய்ப் பாறை மேல உக்காந்து காத்திருக்கு’ன்னு சொல்லிச் சீட்டைக் கவிழ்த்தாரு. தப்பிச்சோம்டா சாமின்னு மூச்சு விட்டேன்.”

“எப்ப வரைக்கும் காத்திருந்துச்சு?”

டிரைவர் விழித்தார். “அது... வரவே இல்லையே.”

எஸ்.ஐ. கண்ணைத் திறந்தாள். அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் மனசுக்குள் சந்தோஷம் வரவில்லை. இந்த மனிதரை மாட்டிவிட வேண்டியிருக்கிறதே என்று சங்கடமாக இருந்தது.

“மாஸ்டர்” என்றாள் மெதுவாக. “டிராகன் எதுக்காகக் காத்திருந்துச்சு?”

மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“மூணு வருஷமா உங்க டிராகன், பூதம், எலும்புக்கூடு எல்லாத்தோடயும் சண்டை போட்டிருக்கேன். அரைக் கட்டம் நகர்றதுக்கு எங்ககிட்ட அரை மணி நேரம் வாதாடுவீங்க. ஒரு அடி அடிச்சா டிரைவரண்ணன் ஆள் காலி. அப்படிப்பட்ட டிராகன் எங்களை விட்டுட்டுப் பறந்து போச்சு. போனது மட்டுமில்ல, கடைசிச் சீட்டு எடுக்கறதுக்குள்ள நிமிர்த்தணும்னு சட்டம் போட்ட நீங்களே நிமிர்த்தல. முறையைச் சும்மா விட்டுட்டீங்க. நாங்க யாரும் ஏன்னு கேக்கல, தப்பிச்ச சந்தோஷம் எங்களுக்கு. கதைக்குள்ள அந்தப் பறத்தலுக்கு ஒரு காரணமும் இல்ல. அப்ப காரணம் கதைக்கு வெளியதான் இருக்கணும்.”

“மேடம்...” என்றார் டிரைவர்.

“ஒரு கையில டிராகன். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். இன்னொரு கையில பாறை. அலமாரில இருந்து எடுத்த தாடை அச்சு, உள்ள குழியா இருக்கும். அதை சாசரை ஒட்டி வைக்கும்போதே, பகடையை விரலால எடுத்து அடியில தள்ளிட்டாரு. பசை காயாத றெக்கையைப் பிடிச்சு யாராவது தூக்குவாங்களா? றெக்கைக்கு ஒண்ணும் இல்லண்ணே, பாறையைத்தான் யாரும் தூக்கக் கூடாது.”

அவள் இரண்டு விரலால் டிராகனை எடுத்துத் தள்ளி வைத்தாள். அச்சைத் தூக்கினாள். மேஜைமேல் ஈறு நிறத்தில் பகடை உட்கார்ந்திருந்தது.

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“இன்னைக்கு மட்டும் வேண்டாம்னு தோணுச்சு அண்ணி” என்றார். “நாளைக்கு அவரைத் தள்ளிக்கிட்டுப் போகப் போறாங்க. அதுக்கு முந்தின நாள், என் கையால அவர் காகிதத்தைக் கிழிக்கணுமா? கை வரல.”

“சட்டத்தை மாத்தியிருக்கலாமே தம்பி. நீங்க போட்டதுதானே?”

“எந்த முகத்தோட மாத்துவேன்? போன மாசம் இவர் அத்தனை கெஞ்சினார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு பெரிய நியாயஸ்தன் மாதிரி கிழிச்சேன். இப்ப எங்கண்ணன்னு வந்ததும் மாத்தினா நான் மனுஷனா?” அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். “உங்க மேல பழி வரும்னு நான் நினைக்கவே இல்ல. வந்தப்பவாவது வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. மன்னிச்சுடுங்க.”

டிரைவர் சாவியையும் சீப்பையும் மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கேட்டிருந்தா நானே விட்டுடுங்கன்னு சொல்லியிருப்பேனே மாஸ்டர். பெரியண்ணன் எனக்கும்தான் அண்ணன்.”

“நானும் வாய் தவறிட்டேன் தம்பி” என்றார் அண்ணி. “மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்கிட்டு எங்க போறது? கிளம்புங்க, மணி ஏழாகுது.”

அண்ணி பகடையை முந்தானையில் முடிந்து, கேடயக்காரனின் காகிதத்தையும் எடுத்துக்கொண்டார். “நான் உருட்ட மாட்டேன். அவர்கிட்டயே குடுக்கறேன். அவர் ஆளு, அவர் கை.”

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டில். பெரியண்ணன் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததும் அவருக்கே ஏதோ விபரீதம் என்று பட்டிருக்க வேண்டும். அண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு கட்டில் கால்மாட்டில் நின்றார்.

பெரியண்ணன் உணவுத் தட்டை மடிமேல் இழுத்துக்கொண்டார். பகடையை வாங்கி உள்ளங்கையில் குலுக்கி உருட்டினார். அது தட்டின் விளிம்பில் முட்டித் திரும்பி வந்து நின்றது.

நான்கு.

எஸ்.ஐ. எத்தனையோ சாவுச் செய்தி சொன்னவள்தான், அவளும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியண்ணன் காகிதத்துக்குக் கை நீட்டினார். அண்ணி கொடுத்தார். நிதானமாக, இரண்டாக, பிறகு நான்காகக் கிழித்தார். தம்பியின் தோள் குலுங்குவதை அப்போதுதான் பார்த்தார்.

“டேய், இங்க வா. என்னடா பயந்துட்ட? அவன் செத்தா நான் செத்துருவேனா?”

“அண்ணா...”

“எனக்குப் பயமா இல்லைன்னு சொல்லல. ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டுத்தான் கிடக்கிறேன். வாரத்துல ஒரு நாள், இவ வந்து அந்தக் குகைல என்ன நடந்துச்சுன்னு சொல்லும்போதுதான் அதை மறக்கிறேன். அதையும் நீ எனக்காகப் பொய்யா நடத்தினா, அப்புறம் எதைடா நான் மறந்து படுத்திருப்பேன்?” அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினார். “சரி, விடு. புதுக் காகிதம் கொண்டாந்திருக்கியா?”

மாஸ்டர் சட்டைப் பையில் தடவிப் பார்த்தார். காகிதம் இருந்தது, பேனா இல்லை. எஸ்.ஐ. தன் பேனாவை நீட்டினாள்.

“எழுது. புது ஆளு. கேடயம் வேண்டாம், தூக்கிச் சுமந்தது போதும்.”

“ஆயுதம்?” என்றார் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பெரியண்ணன் யோசித்தார். நேரமாச்சு என்று நர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஒரு கைத்தடி போதும். முதல் ஒரு மாசம் மெதுவாத்தான் நடக்க முடியும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

மாஸ்டர் கட்டில் ஓரத்தில் காகிதத்தை வைத்து, கைத்தடி என்று எழுதினார்.