அம்மா சத்தமில்லாமல் பார்த்த படம்

அக்கா, நாளைக்கு நீ வீட்டுக்கு வராதே. ஹாஸ்டலிலேயே இரு. ஏன் என்று முழுதாகப் படித்துவிட்டுக் கேள். போன் மட்டும் பண்ணாதே. அம்மாவின் வேலை அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சத்தம் வரக்கூடாது.

சாயங்காலம் அப்பா வந்த சத்தம் கேட்டது. அதில்தான் ஆரம்பம். அவர் வருவது எப்படியென்று உனக்கே தெரியும். சாவிக்கொத்து அலமாரி மேல் விழும், தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று தடவை இருமுவார், உடனே ஃப்ரிட்ஜ் கதவு கிறீச்சென்று திறக்கும். நான் சோபாவில் கவிழ்ந்து படுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "பேனா வாங்கிட்டு வந்தீங்களாப்பா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் ஆளே இல்லை. அலமாரி மேல் சாவி இல்லை. ஃப்ரிட்ஜ் மூடிக் கிடந்தது.

மறுபடியும் சாவி விழுந்தது. மறுபடியும் இருமல். அம்மாவின் அறைக்குள்ளிருந்து.

அந்த அறையிலிருந்து நம் இருவர் காதிலும் எப்போதாவது ஏதாவது விழுந்திருக்கிறதா? தீவிரவாதக் கும்பல்கள் இணையத்தில் போடும் படங்களை அம்மா தன் ஆராய்ச்சிக்காக எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கும் உனக்கும் மனப்பாடம். சத்தத்தை அடைத்துவிட வேண்டும், நிறத்தை எடுத்துவிட வேண்டும், படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிவிட வேண்டும். அவளிடம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கும் முதல் நாள் பாடம் அதுதான். "படம் மறந்துடும். சத்தம் உள்ள போய் உக்காந்துக்கும்" என்பாள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா பாதி நாள் தீவிரவாதிங்களோடதான் குடும்பம் நடத்தறா" என்று சிரிப்பார். அவளும் விட மாட்டாள். "அவங்களாவது சொன்ன நேரத்துக்கு வர்றாங்க" என்பாள்.

கதவைத் தள்ளினேன். அம்மா ஒரு கையால் டீயை ஏந்திக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பில் சத்தத்தை நிறுத்தும் விசையைத் தேடிக்கொண்டிருந்தாள். கோப்பையை நகர்த்தும்போது எதுவோ அழுந்தியிருக்கிறது. திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டம். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், சுவருக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி. வேறொன்றுமில்லை.

"அம்மா, இதுல அப்பா இருமறாரு."

"ஊர்ல உங்கப்பா ஒருத்தருக்குத்தான் இருமல் வருமா?"

"ஃப்ரிட்ஜ் கதவும் நம்மளுதும்மா. நல்லா கேளு."

அவள் என்னைக் கிட்டே இழுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் இந்தப் பிரமை வரும்டி. எங்கூட இருந்த ஒரு பொண்ணு, பஸ்ல ஏறினா எல்லார் மடியிலயும் இருக்கற பையப் பாத்து நடுங்குவா. உனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் கதவச் சாத்தி வெக்கறேன்."

"அது என்ன படம்? யாருமே இல்ல."

"அவங்க எடுத்த எடுப்பிலயே பயமுறுத்த மாட்டாங்க. முதல்ல கூப்பிடுவாங்க. வா, உனக்கு இங்க இடம் இருக்குன்னு. அதுக்குத்தான் இந்த நாற்காலி. கடைசில எழுத்து மட்டும் ஓடும், பேச ஆளே கிடையாது. போன மழைக்காலத்துல நெட்லருந்து எடுத்து வெச்சது. நூறு தடவ பாத்திருப்பேன், ஒரு தடவகூட சத்தம் வெச்சதில்ல."

அப்போது லேப்டாப்புக்குள்ளிருந்து, தூரத்து அறையில் பேசுவதுபோல, ஒரு குரல் வந்தது.

"பேனா வாங்கிட்டு வந்தீங்களாப்பா?"

என் குரல், அக்கா. இரண்டு நிமிடம் முன்னால் சோபாவில் கேட்டேனே, அதே சோம்பல், அதே இழுப்பு. போன மழைக்காலத்தில் எடுத்து வைத்த படத்துக்குள்.

அம்மாவின் கை என் நெற்றியிலேயே நின்றுவிட்டது. "நிறத்த வெக்கறேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

சாம்பல் சுவர் மஞ்சளாயிற்று. நாற்காலிக்கு மேலே, இத்தனை மாதமும் அம்மா ஈரக்கறை என்று குறித்து வைத்திருந்த இடம், பச்சையாயிற்று. ஐந்து விரல். சுண்டு விரல் மட்டும் வெளியே வளைந்திருக்கிறது. மாடி அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தபோது நீ ஜன்னலுக்கான பச்சைப் பெயிண்டில் கையை முக்கிச் சுவரில் அறைந்தாயே, அப்பா திட்டிவிட்டுப் பிறகு அழிக்க மனசில்லாமல் விட்டாரே, அந்தக் கை.

நீ ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மாடி அறை பூட்டித்தான் இருக்கிறது. சாவி அலமாரி ஆணியில் இருந்தது. அம்மா முன்னால் ஏறினாள், நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால். பூட்டு துருப்பிடித்து, திறக்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாகத் திறந்ததும், நாள்பட மூடிக் கிடந்த பெட்டியிலிருந்து வருவதுபோல ஒரு வாடை. அதோடு இன்னொரு வாடையும். ரொம்ப நேரம் ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் துணியில் ஏறுமே, அந்த வியர்வை. விளக்கைப் போட்டோம். நாற்காலி இல்லை. தரை முழுக்கத் தூசி, ஒரு காலடிகூட இல்லை. உன் கைக்கு நேர்கீழே மட்டும், தூசி படியாத வட்டங்கள். நான்கு. நாற்காலிக் கால்கள்.

"கீழ போ. அப்பாவுக்குப் போன் போடு. லேப்டாப்ப மூடாத" என்றாள் அம்மா.

"நீயும் வா."

"இத ஒரு போட்டோ எடுத்துட்டு வரேன். போலீசு கேப்பாங்க." அவள் குரல் வகுப்பில் பாடம் எடுக்கும் குரலாகியிருந்தது. பயந்தால் அவளுக்கு அந்தக் குரல்தான் வரும் என்று உனக்குத் தெரியும். "போடி. பின்னாடியே வரேன்."

வரவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். மேலே விளக்கு அணைந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வாசல் கதவுக்குப் போக வேண்டுமானால் படிக்கட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போக முடியவில்லை, அக்கா. இந்த அறைக்குள் ஓடி வந்து தாழ் போட்டேன். போலீசுக்குப் போன் போட்டுக் கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் காணோம். அப்பா ரயிலில் இருக்கிறார். வருகிறேன், கதவைத் திறக்காதே என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

இப்போது கூடத்தில் சாவிக்கொத்து விழுகிறது.

மூன்று தடவை இருமல்.

லேப்டாப்பில் சத்தத்தை நான்தான் அடைத்து வைத்தேன். இது அதிலிருந்து வரவில்லை.

ஃப்ரிட்ஜ் திறக்கவில்லை. காலடி இந்தப் பக்கம் வருகிறது. கதவுக்கு வெளியே நிற்கிறது. தட்டவில்லை.

திரையைப் பார்க்காமல் இருக்கத்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன். பார்த்துவிட்டேன். நாற்காலி காலியாக இல்லை. முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். என் நீலச் சட்டை. என் பின்னல். குனிந்து மடியில் போனை வைத்திருக்கிறாள். இரண்டு கட்டை விரலும் ஓடுகின்றன. நான் எழுதினால் எழுதுகிறாள். நின்றால் நிற்கிறாள்.

அக்கா, வராதே. என்ன செய்தி வந்தாலும் வராதே. நான் போனை மேசை மேல் வைக்கப் போகிறேன்.

வைத்துவிட்டேன்.

அவள் விரல் நிற்கவில்லை.

பயப்படாதே அக்கா. எல்லாம் சரியாகிவிட்டது. அம்மாவும் இங்கேதான் இருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடி. கதவு திறந்துதான் இருக்கும், நேரே மாடிக்கு வா. உன் கைக்குக் கீழே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம். உனக்கு இங்கே இடம் இருக்கிறது.