தெய்வம்மாவின் மூட்டையில் கொப்புள இலை

கூடலூர் பயிர் நோய் ஆய்வகத்துக்குள் தெய்வம்மா நுழைந்தபோது அவள் முந்தானையிலிருந்து மழைநீர் சொட்டியது. மேசைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நான்கு தேயிலைக் கொழுந்துகள். அடிப்புறமெல்லாம் வெள்ளைக் கொப்புளங்கள். சில வெடித்துச் சீழ்பிடித்த புண்போல நசநசத்தன. உதவியாளர் அம்சவேணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சிலோன்லேருந்து நான்தான் இந்தச் சீக்கைக் கொண்டாந்தேனாம் ஐயா. நேத்து சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் என் மூட்டையைக் கொட்டி, இதை எடுத்துக் காட்டினாரு. தோட்டத்துக்கு வந்து ஆறு நாள்தான் ஆச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள, கப்பல்ல வந்த எங்க பத்துக் குடும்பமும் லயத்து வீட்டைக் காலி பண்ணணுமாம்."

ஆய்வாளர் வெள்ளியங்கிரி ஒரு கொழுந்தை இடுக்கியால் எடுத்து மடித்தார். அது ஒடியவில்லை.

"வழியில மூட்டையைப் பிரிச்சீங்களா?"

"கப்பல்ல நனைஞ்சு போச்சுங்க. கரையிறங்கி மண்டபம் கேம்ப்ல மூணு நாள் மணல்ல விரிச்சு வெயில்ல காயப் போட்டேன்."

மதியம் மூவரும் ஓவேலித் தோட்டத்தில் இருந்தார்கள். நாற்றங்காலில் பெரணித் தழை வேய்ந்த பந்தலின்கீழ் அழுகல் வாடை அடித்தது. அம்சவேணி தொட்ட நாற்றெல்லாம் விரலில் பிசுபிசுத்தது. கைக்குட்டையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

சூப்பர்வைசர் தங்கவேலு ஓடி வந்தான். "ஏனுங்க, சீக்கு வராம இருக்க வாரா வாரம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிக்கிறனுங்க. இலையெல்லாம் நீலமா இருக்குது பாருங்க. இவங்க கொண்டு வந்த சீக்குக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"துத்தம் கரைச்ச பீப்பாய் எங்கே?" என்று கேட்ட வெள்ளியங்கிரி, சுண்ணாம்பு சேராத அந்த நீல நீரில் ஒரு கவாத்துக் கத்தியை அரைமணி நேரம் ஊறவிட்டார். எடுத்தபோது கத்தி பளபளத்தது.

மேனேஜர் அறையில் எல்லாரும் கூடினார்கள்.

"காற்றில் வரும் பூஞ்சை வித்து, ஈரமான கொழுந்தில் முளைத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும்," என்றார் வெள்ளியங்கிரி. "வெள்ளையாக வெடிக்கப் பத்துப் பதினோரு நாளாவது ஆகும். இந்த அம்மா வந்து ஆறே நாள்."

"துணியில் ஒட்டி வந்திருந்தால், சார்?" அம்சவேணி அவசரப்பட்டாள்.

"அப்போதும் நாள் கணக்கு இடிக்கும். போதாததற்கு மூன்று நாள் கடற்கரை வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர் வித்தின் டி.என்.ஏ. இழையைச் சிதைக்கும். கொஞ்சம் சிதைந்தால் பூஞ்சை தானே சரிசெய்துகொள்ளும். அவ்வளவு வெயிலுக்கு அது தாங்காது. இங்கேயோ மூடுபனி, பந்தல் நிழல். பக்கத்து மலையிலிருந்து காற்று கொண்டுவந்த வித்து இங்கே சுகமாகப் பிழைத்துவிட்டது."

"அப்படியானால் மூட்டையில் இருந்த இலை?" என்றார் மேனேஜர்.

"சிலோனில் பறித்திருந்தால் இதற்குள் கருகி நொறுங்கியிருக்கும். இது மடித்தாலும் ஒடியாத பச்சைக் கொழுந்து. மூட்டையைக் கொட்டிய அன்று இதே தோட்டத்தில் பறித்து உள்ளே வைத்தது. துத்தநீரில் இரும்பு ஊறினால் செம்பு படிந்து சிவக்கும். இந்தக் கத்தி சிவக்கவில்லை. பீப்பாயில் இருப்பது துணிக்குப் போடும் நீலம்."

தங்கவேலு மேனேஜரைப் பார்த்தான். "உருளைக்கிழங்குத் தோட்டத்துக்காரங்க துத்தம் கேட்டாங்க... வித்துட்டனுங்க. சீக்கு வந்ததும் பயந்துட்டனுங்க."

"பயந்து, வீடில்லாத பத்துக் குடும்பத்து மேல போட்டுட்டே," என்றார் வெள்ளியங்கிரி.

அவன் நீட்டிய தண்ணீர்ச் செம்பை அவர் தொடவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி, யாரும் போக வேண்டாம். இதை இத்தோட விட்டுடலாம்."

"எல்லார் முன்னாலயும்தானே சூப்பர்வைசர் சொன்னாரு?" என்றாள் தெய்வம்மா. "அதே மாதிரி சொல்லட்டும்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் இருநூறு பேர் கூடையோடு நின்றார்கள். இலையை மூட்டையில் வைத்தது தான்தான் என்று தங்கவேலு தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"கேக்கலை," என்றாள் தெய்வம்மா.

அவன் தலையை நிமிர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.