ஒன்றாம் ஜோடி

ரொனியின் நீண்ட இடுப்பைக் காணவில்லை.

இடுப்பு என்றால் ஆளின் இடுப்பு அல்ல. மனிதக் கலம் ஒவ்வொன்றிலும் குரோமோசோம் எனப்படும் நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள், அதாவது இருபத்துமூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. கண்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் பின்னறையில் அவற்றைப் படமெடுத்து, கத்தரித்து, ஜோடி சேர்த்து ஒட்டுவதுதான் பதினொரு வருடமாக ஷெரோனின் வேலை. இந்தக் காலத்தில் அதைக் கணினியே செய்துவிடும். ஆனால் அவளுடைய முதலாளிக்குக் கத்தரிக்கோலில்தான் நம்பிக்கை. அவளுடைய கணவன் ரொனியின் ஒன்றாம் நிறமூர்த்தத்துக்கு நடுவில் நீண்ட கறுப்பு இடுப்பு ஒன்று உண்டு. அதனால் ஒரு தீங்கும் இல்லை, சிலருக்கு மச்சம் இருப்பதைப்போலத்தான். மகள் நிலூஷா பிறந்த அன்று கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் அதே இடுப்பைக் கண்டபோது ஷெரோனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூவரின் படங்களையும் ஓர் ஆல்பத்தில் ஒட்டி, மேசை லாச்சியில் வைத்துக்கொண்டாள்.

புதிதாக வரும் வளர்ப்புத் திரவத்தை நேரடியாக நோயாளியின் இரத்தத்தில் பரீட்சிக்க முடியாது. முதலில் சுகமான ஒருவரின் இரத்தத்தை அதில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் இரத்தம் நன்றாக வளரும் என்று அங்கே வேலை செய்யும் தாய்மார் தங்கள் பிள்ளைகளிடமே எடுப்பது வழக்கம். குழாயில் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும்தான். கலங்கள் வளர்ந்தனவா என்று பார்த்துவிட்டு எறிந்துவிடுவார்கள், யாரும் கத்தரித்து ஒட்டுவதில்லை. இந்தத் தடவை நிலூஷாவின் இரத்தம், ஷெரோன் ஒட்டினாள். சொந்தப் பிள்ளை, ஆசை யாரை விட்டது!

ஆறு வயது நிலூஷாவின் ஒன்றாம் ஜோடியில் இரண்டுமே ஒடுங்கிய இடுப்போடு இருந்தன.

"ஜஹானா, என் டியூப்ப மாத்தி வச்சிட்டீங்களா?"

பக்கத்து மேசை ஜஹானா நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்தாள். "நான் அதத் தொடவே இல்லயே அக்கா. நீங்கதானே லேபல் ஒட்டின."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் போன மாதம் லீவு விஷயத்தில் இருவருக்கும் ஒரு மனக்கசப்பு இருந்தது. ஷெரோனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. அன்றிலிருந்து தன் லாச்சியைப் பூட்டத் தொடங்கினாள். ஜஹானா தேத்தண்ணி நீட்டினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

மறுநாள் விடிய, அம்பிட்டியவில் தன் வீட்டுக் குசினியிலேயே மகளிடம் இரத்தம் எடுத்தாள். ஊசியைக் கண்டாலே வீட்டை இரண்டாக்கும் பிள்ளை அன்று அழவில்லை. கதிரையில் நேராக இருந்து வலது கையை நீட்டியது.

"இதுல எடுங்கம்மா. இடது கையில நரம்பு பிடிபடாது."

நரம்பு பிடிபடாதது ஷெரோனின் இடது கையில். பிள்ளைக்கு இரண்டு கையும் நல்ல கை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது.

இம்முறை குழாயைத் தன் கைப்பையை விட்டு இறக்கவில்லை. சூட்டுப் பெட்டிக்குள் வைத்துத் தானே பூட்டினாள். மூன்றாம் நாள் தானே எடுத்தாள், தானே கத்தரித்தாள். கலங்களை நிலைப்படுத்தும் அமிலத்தின் வினாகிரி வாடை விரலில் ஏறியிருந்தது, தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது, ஜஹானா தன் மேசையில் எதையோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ரொனி கொடுத்ததில் ஒன்றுகூட இல்லை. ஆல்பத்தைத் திறந்து தன் சொந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு பட்டையும், ஒவ்வொரு மடிப்பும் பொருந்தின. பிள்ளையின் படமும் அவளுடைய படமும் ஒன்று.

இப்போது ஜஹானாவைச் சந்தேகிக்க வழியில்லை. ஆனாலும் அவளைச் சந்தேகிக்கவே ஷெரோனுக்கு ஆசையாக இருந்தது. ஒரு மனுஷியின் பொறாமை என்றால் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் இருப்பது பழைய படம், பிழையாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கடைசியாகத் தன் இரத்தத்தையே எடுத்து வளர்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தபோது காலை ஊன்றும் கம்பி எட்டவில்லை. யாரோ ஸ்டூலை உயர்த்திவிட்டார்கள் என்று எரிச்சல்பட்டாள். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரல் நிற்காமல் வழுக்கியது. எப்படியோ வெட்டினாள். ஒட்டினாள்.

ஒட்டும் தாளில் ஜோடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். முதல் இடங்கள் நிரம்பின. கையில் வேறு துண்டு இல்லை.

இருபத்துமூன்று.

அடுத்த கலம். இருபத்துமூன்று. பத்துக் கலம் பார்த்தாள். பத்திலும் பாதி. அவளிடமிருந்த மற்றப் பாதி எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும், மூன்று நாளுக்கு முன்புதான் அதைப் பிள்ளையின் தாளில் தன் கையாலேயே ஒட்டியிருந்தாள். பாதியோடு ஒரு மனித உடம்பு உயிர் வாழாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, போறீங்களா?" என்று ஜஹானா கேட்டாள். கேட்டது ஷெரோனின் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்து.

பஸ்ஸில் ஒரே சனம். மேல் கம்பி எட்டாமல் ஷெரோன் யாருடையதோ சீலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடம் கொடுக்க எழுந்த ஒரு பெண் அவளுடைய கன்னத்தைத் தட்டினாள். வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பார்க்க வேண்டும். என் பிள்ளைதான், என்ன ஆனாலும் என் பிள்ளைதான் என்று இறங்கும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் பிள்ளையின் முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுப் படிக்கட்டு நெடுக மழைத் தண்ணீர் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும் நிலூஷா இருப்பது பக்கத்து வீட்டு பியட்றிஸ் அன்ரியோடு. அவர் கேற்றடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்து ஏறு மகள், வழுக்கும். அம்மா அப்பவே வந்துட்டாங்க."

"அன்ரி, நான் ஷெரோன்."

அவருக்குக் கேட்கவில்லை. ஷெரோனுக்கே கேட்கவில்லை. வாய் அசைந்தது, அவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தது. பல்லேகல ஃபெக்டரியிலிருந்து ரொனி சீக்கிரமாக வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு நேரே போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்து, சிரித்து, குசினிப் பக்கம் திரும்பினான்.

"ஷெரோன், புள்ள நல்லா நனைஞ்சிருக்கு. துவாய் ஒன்னு கொண்டாங்க."

குசினியில் கேத்தல் கொதித்தது. கரண்டி கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டி நின்றது. ஷெரோன் தட்டுகிற மாதிரியே. காலடி. இன்னொரு காலடி.

குசினி வாசலில் நிலூஷா வந்து நின்றது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. மேல் பல் விழுந்த இடத்தில் ஓட்டை. அதே ஆறு வயது முகம். ரொனி அந்த முகத்தைப் பார்த்தான், பதினொரு வருடமாக மனைவியைப் பார்த்த பார்வையில்.

"என்ன மகள், அங்கயே நிக்கிற?" அந்தச் சின்ன வாயிலிருந்து ஷெரோனின் குரல், கனமான குரல், முழுசாக. "வா, தலையத் தொடச்சு விடுறேன்."

ஓட வேண்டும்.

ஓட முடியவில்லை.

துவாய் முகத்தை மூடியது. உள்ளே இருட்டு, வினாகிரி வாடை. சின்ன விரல்கள் பதமாக, அக்கறையாக, உச்சியிலிருந்து பிடரிவரை துடைத்தன. அந்தக் கைகள் எட்டுவதற்காக ஷெரோன் குனிய வேண்டியிருக்கவில்லை.