கம்பிக் கூண்டுக்குள் லிகாயா

மதியச் சாப்பாடு முடிந்து லிகாயா ஹைவோல்டேஜ் சோதனைக் கூண்டுக்குள் நுழைந்தபோது, கூட வேலை பார்த்த ரோடெல் அங்கே இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. எக்ஸ்ரே மெஷினுக்கான பவர் சப்ளை ஒன்றை அன்றே சோதித்து அனுப்பியாக வேண்டும். கரண்ட் ஏறியதும் கூண்டுக் கதவு பூட்டிக்கொள்ளும். வோல்டேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால்தான் திறக்கும்.

பாவம், ரோடெல் செய்தது அங்கே பாதிப் பேர் செய்வதுதான். கரண்ட் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு, அளக்கும் புரோபில் எர்த்தோடு மாட்ட வேண்டிய கிளிப்பைக் கரண்ட் ஓடும் முனையிலேயே மாட்டினான். எர்த் இல்லாததால் பியூஸ் போகாது, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்கோப்பின் உடம்பெல்லாம் கரண்ட் நிற்கும். மறதியாக அதன்மேல் கை வைத்தான்.

அதன்பின் ஸ்கோப்புக்குப் புது வயரும் பிளக்கும் போட்டது லிகாயாதான். இன்று ஹைவோல்டேஜுக்கான தடித்த புரோபை எடுத்து, கிளிப்பை எர்த்தில் மாட்டினாள்.

"அக்கா, இடது கை பாக்கெட்லதானே?" வெளியே சுவிட்ச் பக்கம் நின்ற நெஸ்டர் கேட்டான். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயும் என்று எல்லோருக்கும் அந்தப் பழக்கம்.

"ஆமாடா. பேசாம சுவிட்ச போடு."

முள் நாலாயிரத்துக்கு ஏறியது. கதவு பூட்டிக்கொண்டது.

முடி கருகும் வாடை வந்தது.

லிகாயா பார்த்தாள். கிளிப் எர்த்தில் இல்லை. கரண்ட் முனையில் மாட்டியிருந்தது. இந்நேரம் பியூஸ் போயிருக்க வேண்டுமே?

சுவரோரம் தரையில் எர்த் பின் கிடந்தது. புதிதாக வெட்டிய பளபளப்பு.

அவளுக்கும் கதவுக்கும் நடுவே ஸ்கோப். முதுகில் கம்பி வலை. ஒரு சாண் நகர்ந்தால் பிணம்தான்.

"நிறுத்து, நெஸ்டர்."

"நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சுக்கா. முள்ளு இறங்கல."

பின்னால் வலையைப் பிடித்துக்கொள்ள இடது கையை உருவப் பார்த்தாள்.

வரவில்லை.

பாக்கெட்டுக்குள் சில்லென்ற விரல்கள் அவள் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தன.

"ரோடெல்," என்று முணுமுணுத்தாள். "எனக்குச் சின்னப் பிள்ளை இருக்குப்பா. என்னை வெளிய போக விடு."

வெகுநேரம் கழித்து முள் இறங்கியது. கதவு திறந்தது. லிகாயா அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

நெஸ்டர் தண்ணீர் நீட்டினான். "முடிஞ்சிடுச்சுக்கா. பாக்கெட்லேர்ந்து கைய எடுங்க."

"எடுக்க முடியலடா," என்றாள் லிகாயா. "அவனும் கூடவே வந்துட்டான்."