கறுப்பு, ஓட்டை இல்லை

அருள்பிரகாஷ் நான் எழுதியதை அழித்துவிட்டான்!

மூலக்குளத்தில் ஒரு மாடியில் நடக்கும் மாலை அறிவியல் வகுப்பில் நானும் அவனும் ஒரே மேசை. அன்று செல்வகுமார் சார் ஆறு மேசைகளுக்கும் கம்பி வளையமும் சோப்புத் தண்ணீரும் கறுப்பு அட்டையும் கொடுத்திருந்தார். வளையத்தைத் தண்ணீரில் முக்கி, அட்டைக்கு முன்னால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதில் நிற்கும் சோப்புப் படலத்தில் என்னென்ன நிறம் தெரிகிறது என்று தாளில் எழுத வேண்டும்.

தாள்களைப் பார்க்க சுமலதா மேடம் வருவார். கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய பொருள்களில் ஒளி என்ன செய்கிறது என்று ஆராய்பவர். நன்றாகக் கவனித்த மேசைக்காரர்களைத் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போவார்.

நான் பதினோரு முறை பார்த்தேன். அதில் ஏழு முறை, உடைவதற்குச் சற்று முன் படலத்தின் உச்சி கறுப்பானது. அப்படியே எழுதினேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், தாளில் ‘கறுப்பு’ இல்லை.

“ஏன்டா அழிச்ச?”

“வேற எந்த மேசையிலயும் கறுப்பு வரல. நாம மட்டும் எழுதினா சிரிப்பாங்க.”

“நான் பார்த்தேன்டா!”

“அது ஓட்டைடி. பின்னாடி இருக்கற அட்டை தெரியுது. அதப் போயி நிறம்னு எழுதி வச்சிருக்க.”

வகுப்பே சிரித்தது. “ஓட்டையாதான் இருக்கும் ஜாஸ்லின், விடும்மா” என்றார் சார்.

என் காது இரண்டும் சுட்டன. ஐந்து மேசையிலும் வராதது எனக்கு மட்டும் எப்படி வரும்? என் கண்தான் தப்போ? அந்தச் சந்தேகம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று எண்ணினேன். அவர்கள் படலம் பத்து எண்ணுவதற்குள் உடைந்தது. என்னுடையது நாற்பது வரை நின்றது. ஏன்? நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மேசை மூலையில் இருந்தது. மற்ற எல்லாருக்கும் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“சார், ஃபேனை நிறுத்துங்க.”

“மே மாசத்துலயா!” என்று அலறினான் கோபிநாத். “வெந்துடுவோம் சார்!”

“ரெண்டு நிமிஷம் வெந்தா ஒண்ணும் ஆவாது!”

நான் அந்த வகுப்பில் அதுவரை கத்தியதே இல்லை. சார் போய் சுவிட்சை அணைத்தார்.

எல்லாரும் வளையத்தை முக்கினார்கள். வியர்வை சொட்டியது. பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாகக் கீழே இறங்கின. உச்சி வெள்ளி போல வெளுத்தது. பிறகு ஒவ்வொரு வளையத்திலும் கறுப்பு வந்தது.

“எல்லாத்துலயும் ஓட்டை” என்றான் அருள்பிரகாஷ். குரல் இறங்கியிருந்தது.

“ஓட்டை விழுந்தா படலம் நிக்குமா? காஞ்ச பென்சிலால தொடு. கறுப்பை மட்டும் தொடு.”

தொட்டான். டப்! முழுப் படலமும் காணோம்.

“ஒண்ணுமே இல்லாத இடத்தத்தான தொட்ட? அப்ப என்னடா உடைஞ்சுது?”

அவன் வெறும் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஃபேனை யார் நிறுத்தச் சொன்னது?” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. சுமலதா மேடம்!

“நான்தான் மேடம்.”

“நல்ல வேலை பண்ண. படலத்தோட முன்பக்கம் பட்டு கொஞ்சம் வெளிச்சம் திரும்பும், பின்பக்கம் பட்டு கொஞ்சம் திரும்பும். படலம் ரொம்ப ரொம்ப மெலிசாயிட்டா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இல்லாம பண்ணிடும். அதான் கறுப்பு. சரி, இத முதல்ல எழுதினது யாரு?”

எங்கள் தாளில் அழித்த கறைதான் இருந்தது.

“இவதான் மேடம். அழிச்சது நான்” என்றான் அருள்பிரகாஷ், எல்லார் முன்னாலும்.

“அப்ப இவ மட்டும் வரட்டும்.”

எனக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும், “அவனும் வரட்டும் மேடம். இப்ப அவனும் பார்த்துட்டான்” என்றேன்.

படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டான். “கோபம் போயிடுச்சா?”

“இல்ல.”

“அங்க போனா யாரு எழுதறது?”

“நான்.”

“அப்ப நான்?”

“வளையத்தப் பிடி. ஆடாம பிடி.”

அவன் வேகமாகத் தலையை ஆட்டினான். தலைதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.